குப்பையும் கரண்டும்: உற்சாகம் வடிந்த பிறகு என்ன செய்வது?

தங்கச்சி, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கிளிநொச்சிக்குக் கிட்ட ஒரு வீட்டுத்திட்ட வீடு, கால் ஏக்கர் வளவு, கணவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், மாமி. வருடத் தொடக்கத்தில் வீட்டுக் குப்பையையும் கரண்டையும் குறைக்கவேண்டும் என்று முடிவெடுத்து மூன்று வாளி வைத்துக் குப்பை பிரித்தீர்கள், துணிப்பையோடு கடைக்குப் போனீர்கள், சார்ஜர் முதல் ரீவி வரை எல்லாப் பிளக்கையும் கழற்றிக் கழற்றி வைத்தீர்கள். ஐந்தாறு மாதம் போனது. பில்லில் பெரிய மாற்றம் இல்லை, பிரித்து வைத்த குப்பையை ட்ரக்டரில் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போகிறார்கள், பக்கத்து வளவில் பொலித்தீன் எரிகிறது, மாமியோ "ஜாம் போத்தல் விளக்கோட இருந்து களைச்சாச்சு, இனியும் இருட்டுக்கையோ இருக்கச் சொல்லுறாய்?" என்று கேட்டுவிட்டார். இப்போது வாளிகள் மூலையில் கிடக்கின்றன, மனம் வரவில்லை, திரும்பத் தொடங்க என்ன வழி என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் சோம்பல்பட்டு இது நிற்கவில்லை. பலன் கண்ணுக்குத் தெரியாத வேலைகளில் முழுப் பலத்தையும் போட்டீர்கள், பலன் தெரியக்கூடிய இரண்டு மூன்று இடங்கள் கைபடாமல் கிடந்தன, அதையும் வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் செய்தீர்கள். இப்படிச் செய்தால் யாருக்கும் அலுத்துவிடும். நான் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன். மாங்குளத்தில் இருந்து பரந்தன் வரை, அந்தப்பக்கம் விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நிறைய வீடுகளுக்குள் போய் எது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்த்தவன். மனைவி மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பதால் குப்பைக் கதை எங்கள் வீட்டில் அடிக்கடி ஓடும். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

மாமியின் கேள்விக்கு முதலில் பதில் வேண்டும், அதைத் தாண்டிப் போக முடியாது. 1990இல் வடக்குக்குக் கரண்ட் நின்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் பெரும்பாலான வீடுகளுக்குப் போர் முடிந்து, மீளக்குடியேறி, அதற்கும் பிறகுதான் கம்பி இழுத்தார்கள். இடையில் இருந்தது பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு, பற்றறி வராது, சீமெந்து வராது, உரம் வராது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துக் கொஞ்ச மண்ணெண்ணெயை ஊறவிட்டு, ஒரு சின்னத் திரியை எரியவைத்து அந்த வெளிச்சத்தில் ஓஎல் படித்த பிள்ளைகள் இன்றைக்கு நாற்பது வயதுக்காரர். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்ட ஊர் இது. அந்தச் சிக்கனத்தை யாரும் விரும்பி எடுக்கவில்லை, தலையில் கட்டினார்கள். அப்படி வாழ்ந்த ஒருவரிடம் "லைற்றை நிப்பாட்டுங்கோ மாமி" என்றால் அது சுற்றாடல் பேச்சாகக் காதில் விழாது, பழைய தடை திரும்பி வருவதாகத்தான் விழும். அதில் அவர் பிழை ஒன்றும் இல்லை.

ஆகவே அவரிடம் இருந்து வெளிச்சத்தையும் காற்றையும் எடுக்காதீர்கள், எடுக்கத் தேவையும் இல்லை. 9 வாட் எல்ஈடி பல்ப் ஒன்று தினமும் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு ஒன்றேகால், ஒன்றரை யூனிட்தான். முற்றத்தில் பாம்புக்கும் பன்றிக்கும் பயந்து விடியும்வரை ஒரு லைற்றை எரிய விடுகிறார் என்றால், அதில் 5 வாட் எல்ஈடியைப் போட்டுவிடுங்கள், மாதம் இரண்டு யூனிட்டுக்குள் அடங்கிவிடும். அதற்குமேல் அதைப்பற்றி வாயே திறக்க வேண்டாம். நீங்கள் கழற்றிக் கழற்றிக் களைத்த சார்ஜரும் அப்படித்தான். ஒரு போன் சார்ஜர் மாதம் முழுக்கச் சும்மா செருகிக் கிடந்தாலும் கால் யூனிட் வராது. இப்போதைய ரீவியை ரிமோட்டில் மட்டும் நிறுத்தி வைத்தால் மாதம் ஒரு யூனிட் அளவு போகும். (இடி மின்னல் காலத்தில், குறிப்பாக ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் பின்னேரங்களில், ரீவிப் பிளக்கைக் கட்டாயம் கழற்றுங்கள். அது சாமான் எரிந்துபோகாமல் இருக்க.) ஆறு மாதமாக நீங்கள் நாளுக்குப் பத்துத் தடவை குனிந்து செய்த வேலை, ஓட்டைச் சாக்கில் நெல் அள்ளுவது போல, மீற்றரில் ஒரு தடயமும் விடாமல் போயிருக்கிறது. மனம் விட்டுப்போகாமல் என்ன செய்யும்?

சரி, அப்படியானால் கரண்ட் எங்கே போகிறது? உங்கள் வீட்டைப் பார்க்காமலே ஓரளவு சொல்லலாம்: கிணற்று மோட்டர், பிரிட்ஜ், மின்விசிறி. இந்த மூன்றும்தான்.

ஒரு குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். நாளுக்கு அரை மணித்தியாலம் என்றால் மாதம் 15 யூனிட். நல்ல மோட்டர் ஒன்று வீட்டுக் கிணற்றில் இருந்து ஆயிரம் லீற்றர் தாங்கியை இருபது முப்பது நிமிடத்தில் நிரப்பிவிட வேண்டும். உங்கள் மோட்டர் அதைவிட அதிகநேரம் ஓடுகிறதா, ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஊற்றிக் காற்றெடுத்த பிறகுதான் இழுக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் கிணற்றுக்குள் குழாயின் அடியில், ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் புட்வால்வு தேய்ந்து ஒழுகுகிறது, அல்லது குழாய் மூட்டில் காற்றுப் பிடிக்கிறது. புட்வால்வு பெரிய விலையில்லை, மாற்றுவது அரைநாள் வேலை. இந்த ஊரில் நான் பார்த்த கூடின பில்களில் பெரும்பகுதிக்கு இதுதான் காரணம், அடுத்த காரணம் தாங்கி நிரம்பி வழிய வழிய மோட்டரை மறந்துவிடுவது. தாங்கிக்குள் ஒரு மிதவை சுவிட்ச் போட்டுவிட்டால் யாரும் எதையும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை. தண்ணீரும் மிச்சம். ஓகஸ்ட், செப்டெம்பரில் கிணறு அடியில் போகும்போது அந்த வழிந்த தண்ணீரின் அருமை தெரியும்.

பிரிட்ஜ் இரவு பகல் ஓடுவது, நாளுக்கு ஒரு யூனிட் என்று வையுங்கள், பழசென்றால் அதைவிடக் கூடும். கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடிவிட்டு இழுத்துப் பாருங்கள், தாள் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் கதவு ரப்பர் போய்விட்டது. மேற்கு வெயில் படும் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் இழுத்துச் சாண் அளவு தள்ளி, முடிந்தால் வேறு சுவருக்கு மாற்றுங்கள். சூடான கறிச்சட்டியை உள்ளே வைக்காமல் ஆறவிட்டு வையுங்கள். இவ்வளவுதான் பிரிட்ஜில் செய்ய இருக்கிறது.

மின்விசிறி நம்முடைய வெக்கைக்கு ஆடம்பரம் இல்லை. சாதாரண சீலிங் விசிறி 75 வாட் இழுக்கும், பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 22 யூனிட், இரண்டு அறை என்றால் 45. இப்போது பிஎல்டிசி என்று 30 வாட் அளவில் ஓடும் விசிறிகள் வந்திருக்கின்றன, விலை கூடத்தான், ஆனால் பழையது பழுதாகும்போது அதைத் திரும்பக் கட்டுவிக்காமல் இதை வாங்கினால் ஒரு விசிறியிலேயே மாதம் 13 யூனிட் குறையும். அதைவிடப் பெரிய வேலை கூரையில் இருக்கிறது. வீட்டுத்திட்ட வீடுகள் பல 550 சதுர அடி, ஓட்டுக்குப் பதில் கூரைச் சீற் போட்ட வீடென்றால் பின்னேரம் உள்ளே இருக்க முடியாது. விசிறி அந்தச் சூட்டையேதான் சுற்றிச் சுற்றி அடிக்கும். மேற்குப் பக்கம் ஒரு வேம்பு, மழைக்கு முதல் நட்டு ஆடுமாடு கடிக்காமல் அடைத்துவிட்டால் சில வருடத்தில் நிழல் வந்துவிடும், அதுவரைக்கும் மேற்குத் தாழ்வாரத்தில் கிடுகால் ஒரு மறைப்புக் கட்டலாம். ஒரு தடவை செய்தால் போதும், தினமும் மனம் வைத்துச் செய்யவேண்டிய வேலை இல்லை என்பதால்தான் இதையெல்லாம் முதலில் சொல்கிறேன். உற்சாகம் இருக்கும் நாளில் இப்படியான வேலையைச் செய்து முடியுங்கள். அது இல்லாத நாளிலும் வீடு தன்பாட்டில் குறைவாக எடுக்கும்.

இனி மீற்றர். மாதம் ஒருக்கால் பில் வந்து பார்ப்பது மிகவும் பிந்திய செய்தி. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை மீற்றர் இலக்கத்தைக் கலண்டரில் எழுதச்சொல்லி மூத்த பிள்ளையிடம் கொடுங்கள், கழித்துப் பார்க்கும் வேலையும் அவருக்கே. வீட்டு மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதத்துக்கு 60 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 30க்கு ஒரு விலை, அடுத்த 30க்கு இன்னொரு விலை, இரண்டும் குறைந்த விலைகள். 61ஐத் தொட்டுவிட்டால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, முதல் 60 யூனிட்டுமே வேறொரு கூடிய விலைக்கு மாறுகிறது, மாதாந்த நிலையான கட்டணமும் ஏறுகிறது. அதற்குப் பிறகு 90, 120, 180 என்று படிகள் இருக்கின்றன. 2022க்குப் பிறகு விலை பல தடவை ஏறி இறங்கியதால் ரூபாய்க் கணக்கை நான் எழுதவில்லை, உங்கள் பில்லில் இன்றைய விலை இருக்கும். நீங்கள் எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறீர்கள் என்று மட்டும் கண்டுபிடியுங்கள். 100 யூனிட் போகும் வீட்டுக்கு 90க்குக் கீழே இறங்குவது ஒரு புட்வால்வும் ஒரு விசிறியும்தான். 68 போகும் வீட்டுக்கு 60க்குள் வருவது பில்லையே வேறொன்றாக்கிவிடும். இதைக் கணவரிடம் காட்டுங்கள். சுற்றாடலைப் பற்றி ஆறு மாதம் பேசியும் அசையாதவர்கள் 61ஆவது யூனிட் கதையைக் கேட்டு அசைவதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இது பில்லுக்காக இல்லை. நாட்டில் கரண்ட் தேவை உச்சத்துக்குப் போவது பின்னேரம் ஆறரையில் இருந்து இரவு பத்தரை வரை. அந்த நேரத்தில்தான் எண்ணெயில் ஓடும் நிலையங்களையும் சேர்த்து இயக்குகிறார்கள், அதுதான் ஆகக் கூடிய செலவு, ஆகக் கூடிய புகை. நடுப்பகலில் நிலைமை தலைகீழ். 2025 ஏப்ரல் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்து, கூரையில் சூரியப் பலகை வைத்திருப்பவர்களைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்கவேண்டி வந்தது. ஆகவே மோட்டர் போடுவதையும் பள்ளிக்கூடச் சட்டைகளை அயன் பண்ணுவதையும் இரவில் இருந்து பகலுக்கு மாற்றினால், உங்கள் மீற்றர் அதே யூனிட்டைக் காட்டினாலும் அதன் பின்னால் எரியும் எண்ணெய் குறைகிறது. ஐந்து சட்டையையும் ஒரே தடவையில் ஞாயிறு பகலில் முடித்துவிட்டால் அயன்பெட்டி திரும்பத் திரும்பச் சூடாகவும் வேண்டியதில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியதும், ஏப்ரலில் பன்னிரண்டரைக் கிலோ காஸ் 4,860 ரூபாய்க்குப் போனதும் மறந்திருக்காது. நாட்டில் எண்ணெய் வாங்கக் காசில்லாமல் போனபோது எங்கே முதலில் இடித்தது என்று எல்லோரும் பார்த்தோம்.

சமையலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. விறகடுப்பில் சமைப்பதற்குக் குற்ற உணர்வு வேண்டாம். தென்னமட்டையும் சிரட்டையும் பன்னாடையும் ஊமலும் வளவிலேயே விழுகின்றன. ஆனால் ஈர விறகையும், அடைத்த குசினியில் நிற்கும் புகையையும் விடக்கூடாது, அது மாமியின் நெஞ்சுக்கும் உங்கள் நெஞ்சுக்கும் நேரே போகிறது. மழைக்கு முதல் விறகைத் தாழ்வாரத்தில் அடுக்கி, அனகி அடுப்பு மாதிரி இரண்டு சட்டி வைக்கும் மண்ணடுப்பு ஒன்று வைத்து, புகை போக ஒரு வழி விட்டால் விறகும் குறையும்.

குப்பைக்கு வருகிறேன். உங்கள் மூன்று வாளி முறை கொழும்பில் மாடி வீட்டில் இருப்பவருக்குச் சரி. உங்களிடம் கால் ஏக்கர் இருக்கிறது. இலங்கை வீட்டுக் குப்பையில் நிறைப்படி பாதிக்கு மேல் அழுகக்கூடியது: மரக்கறித் தோல், மிச்சச் சோறு, மீன் கழிவு, இலை. அதற்கு வாளியே தேவையில்லை. கோழிக்குப் போவது கோழிக்கு, மிச்சம் வாழைக்கும் தென்னைக்கும் இடையில் வெட்டிய கிடங்குக்கு, மேலே ஒரு பிடி மண்ணும் சருகும். மண் போட்டு மூடுவதை மட்டும் விடாதீர்கள், மீன் மணத்துக்கு நாயும் பன்றியும் கிண்டும். ட்ரக்டரில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்பதால் பிரித்தது வீண் என்று எழுதியிருக்கிறீர்கள், இல்லை, வீண் இல்லை. வளவில் தங்கிய பாதிக் குப்பை அந்த ட்ரக்டரில் ஏறவே இல்லை. குப்பை மேட்டில் அழுகி நாறுவது அந்தப் பாதிதான், மாட்டையும் யானையையும் அங்கே இழுப்பதும் அதுதான். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கோடு சாப்பாட்டைத் தின்று எட்டு வருடத்தில் 20 யானைகள் அளவில் செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. சோற்று மணம் இல்லாத பொலித்தீனை மிருகங்கள் பெரும்பாலும் தேடித் தின்பதில்லை. நம் பக்கத்தில் காலபோக அறுவடைக்குப் பிறகு மாடுகளை அவிழ்த்து விட்டால் றோட்டுக்கரையில் கட்டி எறிந்த சோத்துப் பார்சலைப் பையோடு விழுங்குகின்றன, அது இரைப்பையில் உருண்டு கட்டியாகி, தீனி எடுக்காமல் கிடந்து சாகும். ஒரு பால்மாடு போனால் ஒரு குடும்பத்தின் வருமானம் போகிறது. எனக்கு இந்த விஷயத்தில் மனம் விட்டுப்போகாமல் இருப்பதற்குக் காரணம் கேட்டால், உலகம் வெப்பமாவதற்கு முன்னால் இந்த மாடுகளைத்தான் சொல்வேன்.

போத்தல், தகரம், இரும்புக்கு ஒரு உரப்பை. பழைய இரும்பு வாங்க வருகிறவர் எடுத்துக்கொண்டு போவார். கடதாசி அடுப்புக்கு. யோகட் கப், சிரட்டை, பழைய ரயர் மூன்றும் மழைக்கு முதல் கவிழ்த்தோ கூரைக்குக் கீழோ இருக்கவேண்டும். நவம்பர், டிசம்பர் மழையில் அதில் நிற்கும் ஒரு கரண்டித் தண்ணீர் டெங்கு நுளம்புக்குப் போதும், பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து எழுதிக்கொடுக்கும் வரை காத்திருக்காதீர்கள்.

மிச்சம் இருப்பது மெல்லிய பொலித்தீனும் உள்ளே வெள்ளி பூசிய பைக்கற்றுகளும். உண்மையான பிரச்சினை இதுதான், நிறையில் கொஞ்சம், ஆனால் வழியே இல்லாதது. புதைத்தால் அடுத்த மழையில் மேலே வரும், வாய்க்காலுக்குள் போய் மதகை அடைக்கும். எரித்தால் கண்ணுக்கு மறைகிறது, அவ்வளவுதான். முற்றத்து நெருப்புக்குப் போதிய சூடு இல்லை, அரைகுறையாக எரிந்து நச்சுப் புகையாகிறது. பீவீசீ கலந்த குழாய்த் துண்டு, வயர்த் தோல், றெக்சின் பை இதற்குள் போனால் டையொக்சின் வரும், அது புற்றுநோய்க் காரணி. அந்தச் சாம்பலைக் கீரைப் பாத்தியில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். இதற்கு நான் சொல்லக்கூடியது: கழுவி, கொடியில் காயவைத்து, இன்னொரு உரப்பையில் அமத்தி அமத்திப் போடுங்கள். காய்ந்த பொலித்தீன் மணக்காது, ஒரு பை நிரம்ப நீண்டநாள் எடுக்கும், நிரம்பியதும் வாயைக் கட்டி ட்ரக்டரில் ஏற்றிவிடுங்கள். அங்கே ஒன்றாகக் கொட்டினாலும் கட்டிய பை கட்டிய பையாகவே கிடக்கும், காற்றில் பறந்து குளத்துக்குப் போகாது. அதற்கு மேல் நடப்பது பிரதேச சபையின் பொறுப்பு. அதை நீங்கள் தனியாகக் கேட்காமல் கிராம அபிவிருத்திச் சங்கம் மூலம் ஒரு கடிதமாகக் கேளுங்கள், "எங்கள் ஒழுங்கையில் இத்தனை வீடு காய்ந்த பிளாஸ்டிக்கை வேறாகக் கட்டித் தருகிறோம், மாதத்தில் ஒருநாள் வேறாக எடுங்கள்" என்று. பக்கத்து வளவுக்காரரோடு புகைக்குச் சண்டை பிடிக்கவேண்டாம். அவருக்கும் போட இடமில்லை, எரிக்கிறார். இரண்டு வெறும் உரப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் பையோடு சேர்த்து ஏற்றிவிடலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், படலைக்குள் வருவதைக் குறைப்பது. எல்லாவற்றையும் நிறுத்தப் பார்க்காமல், உங்கள் உரப்பையை ஒருநாள் கொட்டி எது அதிகம் என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் சொப்பிங் பாக், பிஸ்கற் உறை, 400 கிராம் பால்மாப் பைக்கற்று இந்த மூன்றும்தான் முன்னுக்கு நிற்கும். 2025 நவம்பர் 1 முதல் கைபிடியுள்ள பொலித்தீன் பையைக் கடைக்காரர் இலவசமாகக் கொடுக்கக்கூடாது, விலையைப் பில்லில் காட்டவேண்டும் என்று விதி வந்திருக்கிறது. கிராமத்துக் கடையில் பில் எங்கே, ஆனால் அந்த விதியைச் சாட்டாகச் சொல்லிப் பையை மறுக்க இப்போது வெட்கப்படத் தேவையில்லை. பை வீட்டில் கிடந்து பயனில்லை, கணவரின் மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். மீனுக்குப் பனையோலையில் இழைத்த உமல். மாமிக்கு உமல் இழைக்கத் தெரிந்திருக்கலாம், தெரியாவிட்டாலும் நல்ல உமல் எது என்று பார்த்து வாங்க அவருக்குத்தான் தெரியும், அந்த வேலையை அவரிடம் கேளுங்கள். பால்மாவுக்குப் பதில், ஊருக்குள் மாடு வைத்திருப்பவரிடம் சொந்தப் போத்தலில் பால் வாங்குங்கள், வரட்சியில் பால் குறையும் மாதங்களில் மட்டும் பைக்கற்று. ஒரு பழக்கம் மாறினால் மாதத்தில் அத்தனை வெள்ளிப் பைக்கற்று வீட்டுக்குள்ளேயே வராது.

வீட்டைவிடக் கூடிய குப்பை சேர்வது நம் செத்தவீட்டிலும் பிறந்தநாளிலும் கோயில் அன்னதானத்திலும். செத்தவீட்டுக்குப் பிறகு எட்டாம் நாள் வைக்கும் ஒரு எட்டுச் செலவில் போகும் ஒருதடவைக் கோப்பைகள் உங்கள் வீட்டில் வருடம் முழுக்கச் சேர்வதைவிடக் கூடவாக இருக்கும். மரண உதவிச் சங்கம் கதிரையும் கொட்டகைத் தகரமும் வைத்திருக்கிறது அல்லவா, அதோடு எவர்சில்வர் தட்டும் தம்ளரும் வாங்கி வைத்து வாடகைக்குக் கொடுத்தால் சங்கத்துக்கும் வருமானம். கழுவ ஆள் வேண்டும் என்பதுதான் எப்போதும் வரும் மறுப்பு, கழுவுகிறவருக்கும் சேர்த்து வாடகை வைத்தால் அந்தப் பேச்சு முடிந்துவிடும். இது தனியாக வாளி வைத்துப் பிரிப்பதைவிடப் பத்து மடங்கு பெரிய வேலை, நாலு பேரோடு சேர்ந்து செய்வதால் களைப்பும் குறைவு.

நீங்கள் எழுதியதில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்த இடம், எல்லாம் உங்கள் தலையில் இருப்பது. பிரிப்பதும் கழுவுவதும் பிளக் கழற்றுவதும் மற்றவர்களை ஞாபகப்படுத்துவதும் நீங்கள், சமையல், பிள்ளைகள், வேலைக்கு மேலே. இது சூழலுக்கான வேலை என்று பெயர் வைத்தாலும் வீட்டுவேலையில் இன்னொரு மூட்டைதான். அதனால் பிரித்துக் கொடுங்கள்: மோட்டரும் புட்வால்வும் மிதவை சுவிட்சும் கணவரின் வேலை, மீற்றர் மூத்தவரின் வேலை, உரப்பை கட்டுவது இளையவரின் வேலை, கிடங்கும் உமலும் மாமி சொல்கிறபடி. உங்களுக்குக் கடைப் பையும் பாலும் போதும். ஒருவர் தன் பங்கைச் செய்யாவிட்டால் அதை நீங்கள் எடுத்துச் செய்துவிடாதீர்கள், கிடக்கட்டும். மிதவை சுவிட்ச் வாங்க ஒரு மாதம் பிந்தினால் அந்த ஒரு மாதமும் மீற்றர் அதைக் கலண்டரில் எழுதிக் காட்டும்.

உலக நிலைமையை நினைத்து நம் ஒரு வீட்டால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். இலங்கையில் ஒருவருக்கு வருடத்துக்கு வரும் கரியமில வாயு ஏறக்குறைய ஒரு தொன், உலகச் சராசரி நான்கரைத் தொன்னுக்கு மேல். வன்னியில் விறகில் சமைத்து சைக்கிளில் போகும் வீடு அந்த ஒரு தொன்னுக்கும் கீழேதான் நிற்கும். கண்ணாடிப் போத்தல் வரிசையாக அடுக்கி வருடக் குப்பையை ஒரு ஜாடிக்குள் காட்டும் காணொளிகள் வேறு நாட்டு வாழ்க்கைக்கு எடுத்தவை, அந்த அளவுகோலால் உங்களை அளக்காதீர்கள். மன்னாரில் 103.5 மெகாவாட் தம்பபவனிக் காற்றாலை போல எங்கே எது வரவேண்டும், அங்குள்ள மக்களுக்கும் பறவைகளுக்கும் என்ன ஆகும் என்பதெல்லாம் வேறு இடத்தில் முடிவாகிறது, அதற்கு வாக்கும் குரலும் கொடுக்கலாம், பிளக் கழற்றி ஈடுசெய்ய முடியாது. உங்கள் வீட்டால் ஆகக்கூடியது உங்கள் கிணறு, உங்கள் வாய்க்கால், ஒழுங்கையில் மேயும் மாடு, பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று, மாதக் கடைசியில் கையில் மிஞ்சும் காசு. நான் இவற்றைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இந்தக் கிழமை மோட்டரை மட்டும் பாருங்கள். தாங்கி வெறுமையாக இருக்கும்போது மோட்டரைப் போட்டு நிரம்ப எத்தனை நிமிடம் எடுக்கிறது, அந்த நேரத்தில் மீற்றரில் புள்ளிக்கு அடுத்த இலக்கம் எவ்வளவு ஓடுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். மோட்டரில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை வாட் என்று இருக்கும், தாங்கி எத்தனை லீற்றர் என்பதையும் சேர்த்து அனுப்பினால் புட்வால்வா, குழாயா, மோட்டரேயா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.